ஆடு தின்ற பேக்கிங்

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஜவ்வாது மலைக்குக் காரில்தான் போவது என்று என் கணவர் முடிவெடுத்தபோது, பஸ்ஸில் போய்விடலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அது அவருடைய அப்பா வாங்கிய கார். எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டதால் என்னைவிட அதற்கு அங்கே உரிமை அதிகம்.

கொஞ்ச நாளாகவே அது மேடு ஏறினால் இருமிக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஏசி பம்ப் போவப் போவுது சார், மாத்திடுங்க" என்றார். இந்த வண்டியில் ஏசியே இல்லையே என்று நான் கேட்டேன். டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளுகிற பம்புக்குத்தான் அந்தப் பெயராம். கணவர் வேலூர் போய்ப் புதுப் பம்பு வாங்கிவந்தார். மாட்டத்தான் கொடுக்கவில்லை. "ரெண்டே போல்ட்டு. இதுக்கு ஒரு மெக்கானிக்கா?" என்று டிக்கியில் போட்டுவைத்தார்.

அன்று காலை படவேட்டில் அம்மன் காலடியில் முதல் பத்திரிகையை வைத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மலையில் ஆறு வருடம் நான் டீச்சராக இருந்தேன். அப்போது எனக்குத் தலைமையாசிரியையாக இருந்தவர் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தோம்.

அமிர்தி தாண்டி நாலைந்து வளைவு ஏறியிருப்போம். வண்டி இருமியது, விக்கியது, நின்றது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. கணவர் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். சொட்டுப் பெட்ரோல் இல்லை. திட்டுவதற்கு வாயெடுத்தேன். புதுப் பம்பைத் தானே மாட்டப்போகிற சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்த்ததும் விட்டுவிட்டேன். சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, போனில் ஒரு வீடியோவைப் போட்டார்.

பழைய பம்பைக் கழற்றுவது வரைக்கும் வீடியோ ஓடியது. புதுப் பம்பைக் கையில் எடுத்த வீடியோக்காரர், "இங்கதான் எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க" என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன தப்புங்க?" என்றேன்.

"பண்ணாதான தெரியும்" என்றார்.

அப்போது மேலே இருந்த கொல்லைக்காட்டிலிருந்து ஒரு பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஜமுனாமரத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், ஆட்டைக் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

"இன்னாக்கா, வண்டி நின்னுபோச்சா?"

"பெட்ரோல் ஏறல."

"செரி, ஆவட்டும். நானும் இதுலயே வர்றேன்" என்று பாறையில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் கூப்பிடவே இல்லை.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு காகித அட்டை வைக்க வேண்டும். பேக்கிங் என்பார்கள். புதுப் பம்போடு ஒன்று வந்திருந்தது. கணவர் அதைக் காற்றில் பறக்காமல் மட்கார்டு மேல் வைத்து ஒரு கல்லையும் வைத்துவிட்டு, பழைய பேக்கிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கல் மட்டும் இருந்தது. ஆட்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"ஐயையோ!" என்று கத்தினார்.

அந்தப் பெண்ணும் கத்தினாள். "சார், அதுல மருந்து எதனா இருந்துச்சா? ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"வெறும் அட்டைதாம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் இந்தக் கத்து கத்தினீங்க?"

பழைய பேக்கிங் சுரண்டியதில் தூளாகியிருந்தது. அட்டை என்றதும் எனக்குப் பின்சீட்டில் இருந்த பத்திரிகைக் கட்டு ஞாபகம் வந்தது. நல்ல தடிமனான அட்டை. யாருடையதை வெட்டுவது என்பதில்தான் சிக்கல். திரும்பும் வழியில் சொந்தக்காரர்களுக்கும் வைக்க எண்ணித்தான் எடுத்துவந்திருந்தோம். எல்லாவற்றிலும் பெயர் எழுதியாகிவிட்டது. அவர் என் அண்ணனுடையதை எடுத்தார். நான் பிடுங்கி, அவருடைய சித்தப்பாவுடையதைக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த வளைவில் நின்று பேசினோம்.

"சண்ட போடாத ஆளா பாத்து வெட்டுங்களேன்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் யோசித்தோம். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் அகப்படவில்லை. கடைசியில் நான் அம்மனிடம் வைத்துவந்த பத்திரிகையை எடுத்தேன்.

"சாமி கால்ல வெச்சதும்மா அது!" என்று பதறினார் கணவர்.

"அம்மன் வர்றதுக்குக் கார்டா கேக்கப்போவுது?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பம்பின் வாயை அட்டையில் பதித்துக் கோடு போட்டு, பத்திரிகை நூல் வெட்ட வைத்திருந்த குட்டிக் கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். மாப்பிள்ளையின் படிப்பு இருந்த இடத்தில் ஒரு போல்ட் ஓட்டை விழுந்தது. கணவர் அதற்கு இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, பம்பை மாட்டி முறுக்கினார். நான் செல்ஃப் அடித்தேன். குழாய் முனையில் அவர் பிடித்திருந்த பாட்டிலில் ஒன்றும் விழவில்லை.

"அந்தத் தப்பப் பண்ணிட்டோம்" என்றார் மெதுவாக.

முதன்முறையாக அவர் முகம் வாடிப்போனது. அவருடைய அப்பா இருந்திருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குப் பாவமாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல் பழைய பம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதிலிருந்து நாக்கு மாதிரி ஒரு இரும்புக் கை இன்ஜினுக்குள் நீண்டிருக்கும். உள்ளே சுற்றுகிற தண்டு அதை அழுத்தி அழுத்தித்தான் பம்பு வேலை செய்கிறது. அந்தக் கையின் மேல்புறம் மட்டும் தேய்ந்து வெள்ளிபோல் பளபளத்தது. கீழ்ப்புறம் கறுப்பாகவே இருந்தது.

"புதுசக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார். அதில் எண்ணெய்க் கோடு கீழ்ப்புறத்தில் இருந்தது.

"தண்டுக்கு மேல வுட்டுட்டீங்க. அடியில போவணும்."

அந்த இரும்புக் கையைத் தண்டுக்கு அடியில் நுழைத்து மறுபடி மாட்டினார். செல்ஃப் அடித்தேன். முதலில் காற்று. பிறகு சளக் சளக்கென்று பாட்டிலில் பெட்ரோல் விழுந்தது. அந்தப் பெண் எழுந்து கைதட்டினாள். ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. குழாயை மாட்டியதும் வண்டி ஒரே அடியில் பிடித்துக்கொண்டது.

ஆடு பின்சீட்டில் நின்றபடியே வந்தது. பத்திரிகைக் கட்டை நான் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். தன் மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது அந்தப் பெண், "அடுத்த வாட்டி வந்தா ஹார்ன் அடிங்க சார், கூடவே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. பத்திரிகையில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இலை போட்டார். சாமைச் சோறும் புளிக்குழம்பும்.

அவர் வீட்டுக்காரரிடம் என் கணவர் தண்ணீர் டம்ளரைப் பம்பாகவும் கரண்டியை நாக்காகவும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். "பழசோட தேய்மானத்தப் பாத்தேன். ஒடனே புரிஞ்சிபோச்சு" என்றார்.

என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. எனக்கு நல்ல பசி. கரண்டி அவர் கையில் இருந்ததால், தலைமையாசிரியை கிண்ணத்தாலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.