கதவில் பதிந்த தார்க் கை

ஐயா, அம்மையீர், வணக்கம். எனக்குப் பத்து வயது நடந்த பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், வெள்ளை அம்பாசிடர் கார் ஒன்றின் மீது ஒட்டியிருந்த சாலைத் தாரை நான் துடைத்தெடுத்தேன். அச்செய்தியைத் தங்கள் முன் வைக்கிறேன்.

என் அப்பா பட்டாசு ஆலை முதலாளி ஒருவரிடம் கார் ஓட்டிவந்தார். அன்று காலை அந்த ஆலையில் வெடி விபத்து. அவ்வேளை ஆலைக்கு முன்னே, ஆனைக்குட்டம் பக்கம், சாலைக்குப் புதுத் தார் ஊற்றியிருந்தார்கள். அந்த இளகிய தாரின் மீதே முதலாளியை ஏற்றிக்கொண்டு அப்பா விருதுநகருக்கு விரைந்து வந்துவிட்டார். அவரை வீட்டில் இறக்கிவிட்டுக் காரை எங்கள் சந்தில் நிறுத்தினார். கதவுகளின் அடிப்பாகமெங்கும் கருந்துளிகள்.

"நாலு மணிக்கு மொதலாளி மதுரைக்குக் கெளம்புறாக. ஒரு பொட்டுத் தாரு இருந்தாலும் நாளையில இருந்து எனக்கு வேலை கெடையாது. மண்ணெண்ணெய் வேண்டாம்லே, பெயிண்டு மங்கிரும். கடலெண்ணெயத் தடவி ஊறவிட்டுத் தொடச்சிரு" என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்ட முதலாளி வீட்டுக்கு ஓடினார்.

துளிகள் எளிதாகவே வந்தன. பழைய பனியன் துணி கறுத்துக்கொண்டே போயிற்று. இடப்பக்கப் பின்கதவுக்கு வந்தபோதுதான் அதனைக் கண்டேன். ஒரு கை. ஐந்து விரல்களும் விரிந்து, தாரில் அப்படியே பதிந்திருந்தது. உள்ளங்கை ரேகைகளுக்குள் வெள்ளிப்பொடி மினுங்கியது. வெயிலில் நான் நகர நகர அம்மினுக்கமும் நகர்ந்தது.

அப்போது அம்மா வந்தார். வேறொரு ஆலையில் வேலை செய்தவர். விபத்துச் செய்தி கேட்டு எல்லா ஆலைகளையும் மூடிவிட்டார்கள். கதவைப் பார்த்தவர் குனிந்து அக்கையின் சுண்டுவிரலையே நோக்கினார். அது உட்புறமாக வளைந்திருந்தது.

"இது எதுத்த வீட்டுக்காரி மக கையில்ல! மருந்து அடைக்கிற கைதான் இப்பிடி மினுங்கும். ரூமுக்குள்ளயே எரிஞ்சு போயிட்டாள்னு சொல்றாகளே, உள்ள போனவ ரோட்டுக்கு எப்பிடி வந்தா? ஏலே, இதத் தொட்டிராத. நான் பெரியம்மாவக் கூட்டியாரேன்."

பெரியம்மா என்றது, வெடித்த ஆலையில் வெடிமருந்து அடைத்துவந்த அந்த அக்காவின் தாயாரை. மகளைத் தேடி அவர் மருத்துவமனை வாசலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா அங்கே ஓடினார்.

நான் தனியே நின்றேன். சந்தில் ஒருவரும் இல்லை. கையைக் கவனிக்கும் முன்னே, அதற்கு மேலே தெறித்திருந்த ஒரு துளியில் நான் தடவியிருந்த எண்ணெய் மெல்ல வழிந்து கையைத் தொட்டது. தார் இளகிற்று. விரல்கள் நீண்டன. ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி, என்னை நோக்கி, நீண்டுகொண்டே வந்தன. கண்ணை மூடினேன், திறந்தபோது இன்னும் சற்று இறங்கியிருந்தன. மணியோ மூன்றரை. அப்பாவின் வேலையை நினைத்தேன். எண்ணெயை அள்ளிப் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். பிறகு சீயக்காய் கரைத்துக் கழுவினேன். கதவு பளிச்சென்றாகிவிட்டது.

பெரியம்மா தலைவிரி கோலமாக வந்தார். கதவில் அவர் முகந்தான் தெரிந்தது.

"எங்கலே? எந்த எடத்துல?" என்றார் என்னிடம்.

காட்டினேன். அம்மா என்னை அடிக்கவில்லை. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அவ்விடத்தில் தம் உள்ளங்கையை விரித்து வைத்து, நெடுநேரம் எடுக்காமல் நின்றார். அவர் ஏன் அவ்வாறு நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வியர்வைக் கை வெள்ளைப் பெயிண்டில் கறைப்படுத்திவிடுமே என்பதுதான் என் கவலையாயிருந்தது. அவர் கையை எடுத்தவுடன் துடைத்துவிடத் துணியின் சுத்தமான பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.

அந்த அக்கா அறைக்குள்ளேயே எரிந்துபோனதாக எழுதி முடித்துவிட்டார்கள். சாலையோரத்தில் ஒருவரும் தேடவில்லை. காரில் யாரும் கை வைக்கவில்லை என்றே அப்பாவும் கடைசிவரை சொன்னார். அவள் வெளியே வந்தாள், கார் அருகே வந்து கதவில் கை வைத்தாள். இதற்கு வேறு பதிவு எங்கும் இல்லாமையால், இவ்வெழுத்தைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.