ஆரோக்கியராஜ் பார்த்து வாங்கிய கத்தி

ஆரோக்கியராஜ் இறந்துவிட்டான். காலையில் அவன் மகள் போன் செய்தாள்... ஹார்ட் அட்டாக்.

தொண்ணூறுகளில் டெலிபோன் கேபிள் வேலையில் அவனும் நானும் ஒரே கேங். மயிலாப்பூர், கோபாலபுரம், தி.நகர் என்று நாங்கள் இறங்காத பள்ளம் இல்லை.

கேபிள் தோலைச் சீவ நல்ல கத்தி வேண்டும். கேங்கில் யார் கத்தி வாங்கினாலும் அவன்தான் கூட வர வேண்டும். பளபள ஸ்டீலைத் தொடவே மாட்டான், கறுத்த இரும்புக் கத்தியைத்தான் எடுப்பான். "அது பழம் வெட்றதுக்கு மச்சி. இது துரு புடிக்கும், ஆனா கூரு நிக்கும்."

ஒவ்வொரு கத்தியையும் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்ப்பான். வழுக்கினால் கீழே வைத்துவிடுவான். பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இன்னா நைனா, கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ண அஞ்சு நிமிசத்துல ஓகே பண்ணிட்டேன் அண்ணே. இது தெனமும் கையில வெச்சிகினு கீற பொருளாச்சே!"

அன்று வாங்கியது அவனுக்கான கத்தி. அதைத்தான் நான் கெடுத்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு மழை நாள். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். கேபிள் பெட்டி மூடியில் ஒரு திருகாணி துருப்பிடித்து அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் தேடச் சோம்பல்... அவன் கத்தியை விட்டு நெம்பினேன். கூரில் நொய்யரிசி அளவு சில்லு பெயர்ந்துவிட்டது.

துடைத்து அவன் பையிலேயே வைத்தேன். திட்டுவானே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அரை மணி நேரத்தில் கத்தி கேபிளில் சிக்கியது. அவன் அழுத்தினான்... வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது.

விரல் பிழைத்தது, ஆனால் அப்புறம் மடங்கவே இல்லை. மெல்லிய கம்பிகளை முறுக்க முடியாமல், ஆபீஸில் கம்ப்ளெயின்ட் எழுதும் சீட்டுக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு சொன்னான், "கடக்காரர் மேல தப்பு இல்ல மச்சி. நான்தான் மட்டமான இரும்ப பாத்து வாங்கிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் கத்தி வாங்க வரமாட்டான். "எனுக்கு கத்தி பாக்கத் தெரியாதுப்பா, ஆள உடு." கேங்கே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம். அவன் மகள் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய்வரைக்கும் வந்தது... பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இப்போது ஊரறியச் சொல்கிறேன், கேட்க வேண்டியவன் இல்லாதபோது. அவன் மகளும் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

ஆரோக்கியம்... அது நல்ல கத்திடா. நீ சரியாத்தான் பாத்து வாங்கினே.

போயிட்டு வா மச்சி.