பிரெஞ்சுச் சிலைக்குப் பெயர் வெட்டியது

சந்தானம் சார் பட்டறைக்குள் வந்தார். தன் சிலையைத் திருப்பிப் பின்தோளைத் தடவினார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் பண்ணினா இதை?"

நான் முதலாளி காதர் பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

தாராவியில் எங்களுடையது பாத்திரப் பட்டறை. ஒடுக்கு எடுப்போம், பாலிஷ் போடுவோம், பெயர் வெட்டுவோம். மெஷின் பிடிப்பது நான். கைமாறி வந்த பாத்திரமென்றால் பழைய பெயரை பஃபிங் வீலில் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வெட்டுவது வழக்கம். அண்டாவோ குத்துவிளக்கோ, பெயரில்லாமல் வெளியே போனால் பாய்க்குத் தூக்கம் வராது.

சிலையை முந்தின வாரம் கொண்டுவந்தவர் சாரின் மனைவி விசாலம் மாமி. செம்பூரிலிருந்து ஆட்டோவில், மடியில் வைத்து. மார்பளவு வெண்கலப் பெண். தலையில் பிறை, கூந்தலில் நட்சத்திரம், ஒரு தோளில் துணியில்லை. பீடத்தில் மரை கழன்று ஆடியது.

"யாரு மாமி இது?" என்றேன்.

"பிரான்ஸ்காரி. ராத்திரியையே பொம்மனாட்டியா செஞ்சிருக்கானாம். கல்யாணமான புதுசுல சோர் பஜார்ல, பழைய சாமான் கடைல வாங்கிண்டு வந்தார். ஆத்துக்கு யார் வந்தாலும் இவ பேச்சுதான். நான் காபி கொண்டு வருவேன்."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோளைப் பார்த்தார். "பழைய ஓனர் பேரு கெடக்கும்மா. எடுத்துட்டு ஒங்க பேரப் போட்டுரவா?"

மாமி அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேஷா போடுங்கோ," என்றார்.

போட்டேன். 'ச. விசாலம், செம்பூர்.'

"அது சிற்பியோட கையெழுத்துய்யா!" சார் ஸ்டூலை விட்டு எழுந்தார். "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்க வரா. இப்ப நான் எதைக் காட்டுவேன்?"

ஊரார் பெயரையெல்லாம் வெட்டுகிறவன் நான். தன் பெயரை ஆசையாக வெட்டிய ஒருவனை எங்கள் பஃபிங் வீல் தின்றுவிட்டது.

"தப்பு நடந்துபோச்சு சார்..." என்று பாய் ஆரம்பித்தார்.

பின்னாலேயே வந்திருந்த மாமி குறுக்கிட்டார். "அவாளை ஒண்ணும் சொல்லாதீங்கோ. சிற்பி பேருன்னு நேக்குத் தெரியும். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"தினம் இவளைத் தொடைக்கறது நான். கூடத்துல எம் பேர் எதுலயாவது இருக்கா?"

சார் சட்டைப் பைக்குள் தேடினார். பிறகு போனில் பழைய கையெழுத்தின் போட்டோவை என்னிடம் நீட்டினார். "இதே மாதிரி வெட்ட முடியுமாப்பா?"

நான் மாமியைப் பார்த்தேன்.

"வெட்டு. ஆனா அடியில வெட்டு. பாத்திரத்துல கம்பெனி முத்திரை இருக்குமே, அந்த மாதிரி."

சுழி தப்பாமல் வெட்டிக் கொடுத்தேன். பழைய கையெழுத்து ஆகாதுதான், ஆனால் அந்தச் சிற்பியை அப்படியே விட்டுவிட மனசில்லை.

பாய் சமாதானமாகச் சொன்னார்: "மேல ஒங்க இனிஷியலும் இருக்குல்லா சார்."

சார் முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிலையைத் தூக்கினார்.

"பாத்துத் தூக்குங்கோ," என்றார் மாமி. "எம் பேர் போட்ட சாமான்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெயரை அழிக்கும் முன் அது யாருடையது என்று கேளுங்கள். பதில் சொல்வது வீட்டம்மா என்றால், வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, வீட்டம்மா சொன்னபடி செய்யுங்கள்.