தெருவுக்குக் குறுக்கே வாசித்த கடிதம்

சரயேவோ நகரம் முற்றுகைக்குள் கிடந்த காலத்தில் எங்கள் பகுதிக்குத் தபால் என்றால் ரசேமாதான். தபால் நிலையம் எரிந்துபோன பிறகு, செஞ்சிலுவை வண்டி எப்போதாவது கொண்டுவரும் உறையில்லாத ஒற்றைத்தாள் கடிதங்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வீடுவீடாக நடந்தாள்.

எங்கள் குறுக்குத்தெரு மலைமேல் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பரின் பார்வையில் இருந்தது. மூடுபனி இல்லாத நாளில் யாரும் அதைக் கடப்பதில்லை. எதிர்ப்பக்கத்தாருக்குக் கடிதம் வந்தால், ரசேமா இந்தப் பக்கச் சுவரோரம் நின்று உரக்க வாசிப்பாள். அடுத்தவர் கடிதம் என்பதால் முன்கூட்டிப் படித்துப் பார்க்கமாட்டாள்.

அன்று வெயில் அடித்தது. தண்ணீர் கேன்களோடு நாங்கள் சிலர் அவள் பின்னால் ஒதுங்கி நின்றோம். எதிர்வாசலில் லியூபோ, டிராம் ஓட்டிய கிழவர். அவர் மனைவி ஸோரா முற்றுகையின் தொடக்கத்திலேயே மகளோடு நகரைவிட்டு வெளியேறியிருந்தாள்.

“மெதுவா படி மகளே, இங்க எல்லாருக்கும் காது பெருசு” என்றார். சிரித்தோம்.

மகள் எழுதியிருந்தாள். லூப்லியானாவில் வேலை கிடைத்திருக்கிறது, பேரன் பள்ளிக்குப் போகிறான். அதோடு ரசேமா நிறுத்திவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“எழுத்து மங்கலா இருக்கு ஐயா. பனி வரட்டும், நானே கொண்டாந்து தரேன்.”

அவர் வாசற்படியின் விளிம்புவரை வந்தார். பிறகு, “ஸோராவா?” என்று கேட்டார்.

ரசேமாவால் பொய் சொல்ல முடியவில்லை. “ஆமா ஐயா. ஆகஸ்ட்ல.”

கிழவர் வாசலை விட்டு இறங்கித் தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. கடிதத்தை வாங்கிக்கொள்ள வருகிறவர்போல் கையை நீட்டியபடி வந்தார். உள்ளே போகச் சொல்லிக் கத்தினோம், அவருக்குக் கேட்கவில்லை. ரசேமா பையை என்னிடம் எறிந்துவிட்டுக் கையிலிருந்த கடிதத்தோடு ஓடினாள். முதல் குண்டு டிராம் தண்டவாளத்தில் பட்டுத் தெறித்தது. அவள் அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து, அவர் வந்த வழியே இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது குண்டு வாசற்படியைப் பெயர்த்தபோது இருவரும் உள்ளே விழுந்திருந்தார்கள்.

வெகுநேரம் சத்தமில்லை. எங்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அப்புறம்தான் அங்கிருந்து ரசேமாவின் குரல் வந்தது: “பை பத்திரம். மீதிக் கடுதாசிய நீங்களே குடுத்துடுங்க.”

மறுநாள் காலை மூடுபனி இறங்கும்வரை அவள் அவரோடு இருந்தாள். இருந்த கொஞ்சம் அரிசியை வேகவைத்து, தானும் சாப்பிட்டு அவரையும் சாப்பிடவைத்தாளாம். கடிதத்தை அவர் திரும்பத் திரும்பத் தானே படித்தாராம்.

அதன் பிறகு ரசேமா எல்லாக் கடிதத்தையும் முதலில் தான் படித்துவிடுவாள். சாவுச் செய்தி என்றால் தெருவில் வாசிக்கமாட்டாள், பனிக்காகக் காத்திருப்பாள். அவள் பனியில் வருவதைப் பார்த்தாலே எதிர்ப்பக்கத்தார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவார்கள்.