கரண்டு இல்லீங்க, கதண்டு

"கால எடுங்க, கால எடுங்க" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே சிந்தாமணி தரை துடைத்து வருகிறார். அரியலூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. துடைப்பார், ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றிவிடுவார். மூட்டுவலிக்கு முழங்காலில் எப்போதும் ஒரு பழைய துணிக்கட்டு.

வாசலில் நிற்பவர்கள் அவரைத் தேடுவது வேறொன்றுக்கு. டாக்டர் சொல்லிவிட்டுப் போகும் ஆங்கில வார்த்தைக்கு அவர்தான் பொருள் சொல்ல வேண்டும்.

"கரண்டு அடிச்சாலும் ஷாக்குதாங்க. பிரஷர் எறங்கி ஒடம்பு சில்லுனு ஆனாலும் ஷாக்குதான். சேதி கேட்டுப்புட்டு நீங்க அசையாம நிக்கிறீங்களே, அதுவும் ஷாக்குதான். எதுன்னு தெரியாம வூட்டுக்கு போன் போட்டு அழுவாதீங்க." நூறு தடவை சொன்ன சலிப்பு அந்தக் குரலில் இருக்கும்.

என் தங்கையைச் சேர்த்திருந்த நாளில், மதியம், மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து செல்லப்பன் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். நினைவில்லை. முகம் வீங்கியிருந்தது. அழைத்துவந்த அண்ணன் சாமிதுரை பதறினார்: "மோட்டார் கொட்டாய்கிட்ட கெடந்தான் சார். கரண்டு அடிச்சிருச்சுன்னு பக்கத்து வயக்காரரு போன்ல சொன்னாரு."

இளம் டாக்டர் நாடி பார்த்தார். "ஷாக்ல இருக்கார்" என்றார் நர்ஸிடம்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன், ஷாக்குன்னு!"

டாக்டர் கை, கால்களில் தீக்காயம் தேடினார். ஒன்றும் இல்லை. அதற்குள் தலைக்கடியில் வைத்திருந்த ஈரத் துண்டை எடுப்பதற்காகச் செல்லப்பனின் தலையைத் தூக்கிய சிந்தாமணியின் விரல்கள் முடிக்குள் நின்றன. மறுபடி தடவினார்; தடிப்புத் தடிப்பாக வீக்கம். சட்டையைக் கழற்றி உதறினார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு செத்த வண்டு தரையில் விழுந்தது.

"சார், இது கரண்டு இல்லீங்க. கதண்டு, வெஷ வண்டு. தல பூரா கொட்டிருக்கு. போன்ல பேரு தப்பா காதுல வுழுந்திருக்கு."

டாக்டர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு விஷக்கடிக்கான ஊசி தொடையில் போனது. சொட்டு மருந்து ஓடியது. சாமிதுரை சுவரில் சாய்ந்து, "கதண்டா... கதண்டா..." என்று முணுமுணுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் செல்லப்பன் தண்ணீர் கேட்டார்.

அதன்பிறகுதான் அவர் மனைவி பூவிழி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கணவர் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகைகூட வரவில்லை. சிந்தாமணி தனக்கு வந்த டீயை அவர் கையில் வைத்தார். "குடிங்க தாயி. இருக்காரு."

பூவிழி நிமிர்ந்து பார்த்தார். "தெனமும் இதையேதான் பாக்குறீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாதாக்கா?"

சிந்தாமணி பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, சரியாகவே இருந்த முழங்கால் துணிக்கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்; கட்டியதை மறுபடியும் அவிழ்த்தார்.