மாப்பிள்ளைக்கு ஒரு நூலகர் வேலை

1986 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. மழை இல்லை, மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் மேல்காற்று. விழுப்புரத்து நூலகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து ஆறு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கத்துக் கொலை வழக்கின் மீதி எட்டாம் பக்கத்தில் இருந்ததால், ஒருவர் எதிரே இருப்பவர் முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பதினொரு அலமாரிகள், பதினொரு பூட்டுகள். பினாங்கு நண்பர்களாகிய நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் இருமுறை எண்ணினேன்.

என் மகளின் கணவர் ஏழுமலைக்காகத்தான் போனோம். வயது முப்பத்தாறு; திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். புழுதியில் நெஞ்சு கெட்டுவிட்டது. மண்டியை விடாவிட்டால் மருந்து கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பினாங்கு நூலகத்தில் இருபத்தாறு ஆண்டு கவுன்டரில் இருந்தவன் நான். மின்விசிறி, மரியாதை, மாதச் சம்பளம் என்று அவருக்கு ஆசை காட்டியிருந்தேன். நூலகச் சான்றிதழ்ப் படிப்புக்குப் பணம் கட்ட மறுநாள் கடைசி. வேலையில் இருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுக் கட்டலாம் என்றார் அவர்.

நூலகரின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களுக்குத் தலை நரைக்கிறது என்றார். ஆனால் கெடார் பக்கம் பகுதிநேர நூலகத்துக்கு ஆள் கிடைக்கவில்லையாம். சம்பளம் மண்டிக் கூலியில் பாதி. வேலை கடினமா என்று கேட்டேன்.

"புத்தகம் தொலைஞ்சா சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. குடுக்காம இருந்துக்கினா ஒரு கஷ்டமும் இல்லீங்க."

பிறகு, பார்த்துக்கொள்ளும்படி சாவியை ஏழுமலையிடம் தந்துவிட்டு டீ குடிக்கப் போனார். பினாங்கில் கவுன்டரில் ஆள் இருந்தால் புத்தகம் வெளியே போகும், அதற்குத்தான் ஆள். சாவியை வாங்கி மூன்று அலமாரிகளைத் திறந்தேன். உள்ளே மண்டியை மிஞ்சும் தூசி. ஏழுமலை இருமிக்கொண்டே, "வேணாம் மாமா, பேஜாராய்டும்" என்றார். செய்தித்தாள்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வானூர்க் கொத்தனார் ஒருவர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, நிஜமாகவே வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டார். ஏழு புத்தகங்கள் கொடுத்தேன். ஊர் திரும்பிய பதினான்கு மாதங்களில் நான் வேலை செய்த அரைமணி நேரம் அதுதான்.

நூலகர் திரும்பி வந்து சத்தம் போடவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். பினாங்கிலிருந்து வந்தவன் என்றேன். "அதான்" என்றார். ஏழுமலை பேருந்து நிலையம்வரை ஓடி மூன்று புத்தகங்களோடு மூச்சிரைக்கத் திரும்பினார். மீதி நான்குக்கும் விலையைக் கட்டினேன். கட்டியதுதான் கட்டினோம், ஒரு புத்தகமாவது முறைப்படி எடுத்துப் போகலாமென்று உறுப்பினராகக் கேட்டேன். நூலகர் ரேஷன் கார்டு கேட்டார். வேலை அனுமதியைப் புதுப்பிக்காமல், சொந்த ஊருக்குப் போ என்றது பினாங்கு. சொந்த ஊரிலோ என் பெயர் இன்னும் எந்த அட்டையிலும் ஏறவில்லை. அப்படியானால் மாப்பிள்ளை ஜாமீன் போடட்டும் என்றார் நூலகர்.

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாங்க. மாமா கைல புத்தகம் நிக்காது."

திண்டிவனம் பேருந்தில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். ஆசை விட்டுப்போயிற்று, இனி மண்டிதான் என்று நினைத்தேன். மயிலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பணம் கட்டிடலாம் மாமா. பாதிச் சம்பளம்னாலும் நெஞ்சு மிஞ்சும். இந்த வேலை எனக்குச் சரியா வரும். நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கட்டினேன். படிப்புக் கட்டணம், நான்கு புத்தகங்கள், பேருந்து எல்லாம் சேர்த்து முன்னூற்று இருபது ரூபாய் ஐம்பது காசு. ரூபாயில் சொன்னால் எனக்கு இன்னும் உறைப்பதில்லை. மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தேன்: அறுபத்தைந்து.