டப்பாவின் மேல் எழுதிய தப்பு

வானொலி வேலை பழக ஆறு மாதம் கொழும்புக்குப் போகிறேன் என்று திருச்சியில் ஒருத்தர் விடாமல் பீற்றிக்கொண்டு கப்பலேறியவன் நான். ஐம்பதுகளின் கடைசி அது. பழகுநர் என்றால் டேப் ரிக்கார்டரைத் தூக்குகிற ஆள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அடேயப்பா, என்ன கனம்! தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்து வா என்று மலைக்கு அனுப்பினார்கள். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பாரத்தோடு மேடேறியபோது, வந்த மொத்த ஆசையும் முதுகு வழியாகவே போய்விட்டது.

அந்தத் தோட்டத்தில் சேவலை யாரும் நம்புவதில்லை. விடிவதற்கு முன்னால் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்களை எழுப்பி, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வரவழைப்பது ஒருவருடைய தப்பு மேளம்தான். தீயில் தோலைக் காய்ச்சி அவர் அடிக்க ஆரம்பித்தால், குளிராவது ஒன்றாவது, எனக்கே எங்காவது வேலைக்குப் போகணும்போல இருந்தது. முழுவதையும் பதிவு செய்துகொண்டேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இது துறையூர்ப் பக்கம் கேட்குமா என்றார். ஒரே மகளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கட்டிக் கொடுத்திருந்தார். கொழும்பில் கேட்பதைவிட எங்கள் ஊர்ப்பக்கம்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்ப சரிங்க தம்பி. நான் தப்படிக்காம எம்புள்ள ஒருநாளும் எந்திரிச்சதில்ல."

அன்றைக்கே, தோட்டத்தில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் மூலம் மகளுக்குக் கடுதாசி போனது. அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் முதல் நிகழ்ச்சி, மறக்காமல் கேள் என்று.

கொழும்புக்கு வந்ததும் அந்த டேப்பை டப்பாவில் வைத்து, மேலே மணிமணியான கையெழுத்தில் 'தப்பு' என்று எழுதி வைத்தேன். வினை அங்கேதான் பிடித்தது. ஒலிப்பதிவு பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஊரில் அதற்குப் பறை என்று பேர். ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது டேப்பை ஓட விட்டால், வெறும் உஸ்ஸென்ற சத்தம். பதறிப்போய் அவரிடம் ஓடினேன்.

"தப்பெண்டு எழுதியிருந்தியள். பிழையான பதிவாக்குமெண்டு அழிச்சுப்போட்டன்" என்றார் அமைதியாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எழுதினது என் கை, என்னத்தைக் கேட்பது? அந்த அடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்ததால் காதிலேயே இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து நானே அடித்தேன். அடித்துவிட்டு, "நீங்கள் கேட்டது வட்டகொடைத் தோட்டத்தின் பெரட்டுத் தப்பு" என்று கணீரென்று வேறு சொன்னேன். தப்பிச்சோம்டா சாமி என்றிருந்தது.

அந்த நிம்மதி மூன்று வாரம்கூட நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பிஸ்கட் டின்தான் ஞாபகம் வந்தது. மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, வண்டி வண்டியாகத் திட்டு வாங்கி, அடுத்த மாத நிகழ்ச்சியில் ஒரு நிமிடமும் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி மலைக்கு ரயிலேறினேன். ரிக்கார்டர் இந்தத் தடவை கனக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

தப்படிக்கிறவர் என்னைத் தன் லயத்து வாசலில் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நான் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு கடுதாசியைக் கையில் வைத்தார். மகள் எழுதியிருக்கிறாள், தனக்குப் படிப்பு கிடையாது, கொஞ்சம் படித்துக் காட்டணும் என்றார். பிரித்து உரக்க வாசித்தேன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும் இப்படி வந்தது: "ரேடியோவில் கேட்டேன் அப்பா. அது உங்க அடி இல்லை. உங்க கைக்கு என்ன ஆச்சு? மறைக்காம எழுதுங்க. எனக்குச் சோறு எறங்கலை."

வாசிப்பதை அதற்கு முன்னாலேயே நிறுத்தினேன். அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே, அந்த இடத்தை விழுங்கிவிட்டு 'ரொம்ப சந்தோஷம் அப்பா' என்று நானாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அங்கே சாப்பிடாமல் கிடக்கிறாளே! எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். டப்பா, பென்சில், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"தெரியுங்க தம்பி. நம்ம நானா கடை ரேடியோவுல நானும்தான் கேட்டேன். இந்தக் கடுதாசியையும் நேத்தே நானா படிச்சுச் சொல்லிட்டாரு."

எல்லாம் தெரிந்துகொண்டேதான் மனுஷன் என்னைப் படிக்க வைத்திருக்கிறார்! காது மடல் சுட்டது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார். அடிக்கிறதைவிடப் பென்சிலால் எழுதுகிறது எனக்கு நல்லா வரும்தானே என்று கேட்டுவிட்டு, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்.

"அப்பா கை நல்லாத்தான் இருக்கு தாயி. அன்னிக்கு அடிச்சது ரேடியோத் தம்பி. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழமை நான் அடிக்கிறேன். எந்திரிச்சு, மொதல்ல சாப்பிடு."